நாற்பத்தாறாவது கையொப்பம்

தேதி 2, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பிக்கு அக்கா வரையும் மடல்.

எனக்கும் என் மகளுக்கும் உடல் நலம். என் பொறுமை ஒன்றுதான் படுத்த படுக்கையாக இருக்கிறது. உன் நலம் கேட்டு எழுதிய நான்கு மடல்களுக்கும் பதில் வராததால், இம்முறை விசாரிப்பை ஒத்திவைத்து நேரே செய்திக்கு வருகிறேன்.

வழக்கு முடிந்தது. இந்த இரண்டு சொற்களை எழுதப் பதினோரு ஆண்டுகள் காத்திருந்தேன். எழுதிய கையோடு திருத்தவும் வேண்டியிருக்கிறது: நீ ஒப்பமிட்டால் முடியும்.

சமரச ஒப்பந்தத்தின் சாரத்தை உனக்குப் புரியும்படி சுருக்கித் தருகிறேன். நம் தெருக்கோடியில் வேலி போட்டுப் பூட்டிக் கிடக்கும் கழிவுக் குழியைக் கம்பெனி தன் செலவில் தோண்ட வேண்டும். நஞ்சேறிய மண்ணை மூடிய வண்டிகளில் அப்புறப்படுத்தி, நல்ல மண் நிரப்ப வேண்டும். தெருவிலுள்ள கிணறுகளையும் ஆழ்குழாய்களையும் அடைத்துவிட்டு, வேறிடத்திலிருந்து குழாய்நீர் தர வேண்டும். மனுதாரர் ஒவ்வொருவருக்கும் இருபது ஆண்டுகள், ஆண்டுக்கொரு முறை, இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இதற்கு ஈடாக, இனி வழக்காடுவதில்லை என்று நாற்பத்தாறு மனுதாரர்களும் ஒப்பமிட வேண்டும். இம்மாதம் முப்பதாம் தேதி, செவ்வாய், மாலை ஐந்து மணி கெடு. அதற்குள் ஒரு கையொப்பம் குறைந்தாலும் ஒப்பந்தம் செல்லாது. வழக்கு மீண்டும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கும்.

மீண்டும் பதினோரு ஆண்டுகள் உட்கார்ந்திருக்க நமக்கு நேரமிருந்தாலும் மழைக்கு நேரமில்லை. மண்ணைச் சோதித்த பொறியாளர் என்னைத் தனியே அழைத்து, "இன்னொரு மழை இறங்குச்சுன்னா ஸ்கூல் கிணறு வரைக்கும் போயிடும்மா. நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க" என்றார். அவர் சொன்னதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் எழுதுகிறேன்.

பேச்சுவார்த்தை நடந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். கம்பெனியின் வக்கீல் எந்த வாக்கியத்தையும் 'ஆகவே' என்றுதான் தொடங்குவார். முன்னால் ஒரு காரணமும் சொல்லியிருக்கமாட்டார். தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. குழியை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்பதிலேயே இரண்டு முழு அமர்வுகள் போயின. அவர்களிடம் இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன: வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கு இவ்வளவு சுத்தம், குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு இவ்வளவு சுத்தம் என்று. ஆகவே, நமக்கு வண்டி அட்டவணை போதும் என்றார் ஆகவே. நான் அனுமதி பெற்று எழுந்து, "எங்கள் தெருவில் ஒருவரிடமும் கார் இல்லை ஐயா, குழந்தைகள் முப்பத்தொரு பேர் உள்ளனர்" என்றேன். அதைக் குறித்துக்கொள்ள அவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

மண் எடுக்க வந்தவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை உறை போட்டு, மூக்கில் குழாய் மாட்டியிருந்தார்கள். பத்தடி தள்ளி நம் தையல்காரம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "இங்கெல்லாம் நிக்கக் கூடாதும்மா, ஆபத்து" என்று அவர்கள் சொல்ல, "அப்படியா? முப்பது வருஷமா நின்னுக்கிட்டுல்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை உதறினாராம். உன் அத்தான் உயிரோடு இருந்தால் இதை ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

கையொப்பம் வாங்கிய நாளைப் பற்றி எழுதவே கூசுகிறது. நீதிமன்ற முத்திரைக்காக விட்டிருந்த கட்டத்தில் பம்பு மெக்கானிக் கையெழுத்திட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால், "அங்கதான் நிறைய இடம் இருந்துச்சு" என்கிறார். தையல்காரம்மா கோபித்துக்கொண்டு விட்டுப்போன கணவரின் முதலெழுத்தை நீக்கிவிட்டு ஒப்பமிட்டார். இரண்டு பேர் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்து ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் படித்தார்கள். நாற்பத்தைந்து பேரையும் கரைசேர்ப்பதற்குள் எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆட்டம் கண்டுவிட்டது.

எஞ்சியிருப்பது நீ ஒருவன்.

ஒரு கையொப்பத்துக்காக எல்லாம் நிற்பானேன் என்று நீ கேட்கலாம். நம் வக்கீலம்மாவும் கேட்டார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அந்த மனுவை வரைந்தவள் நான். நீதிமன்ற வாசல் நகல் கடையில் பிறருடைய மனுக்களைத் தட்டச்சு செய்தே மொழி கற்றவளுக்கு, தன் தெருவுக்கென ஒரு மனு வரைய மற்றொருவர் எதற்கு என்ற எண்ணம். அதில் பதினான்காம் பத்தியில் இப்படி எழுதியிருந்தேன்: 'எங்களுள் ஒருவர் விடுபடினும் எஞ்சியோர் எவரும் எவ்வித இணக்கத்தையும் ஏற்கமாட்டோம் என இதன்மூலம் உறுதியளிக்கிறோம்.' வக்கீலம்மா அதைப் படித்துவிட்டு நெற்றியில் கைவைத்தபடி, "நல்லாதாம்மா இருக்கு. ஆனா கோர்ட் இத அப்படியே எடுத்துக்கிட்டாங்களே! இப்ப நம்ம கைய நாமளே கட்டிப்போட்ட மாதிரி ஆயிடுச்சு" என்றார். வாக்கியத்தின் ஓசைக்காக எழுதியது என்று விடையளித்தேன். அத்துடன் அந்தப் பேச்சை முடித்துக்கொண்டோம்.

படிவத்தை இத்துடன் இணைத்துள்ளேன். மூன்று, ஒன்பது, பதினான்கு ஆகிய பக்கங்களில் பென்சிலால் குறியிட்ட இடங்களில் மட்டும் ஒப்பமிடு. ஏழாவது கேள்விக்கு விடை எழுத மறவாதே: 'கழிவுக் குழிக்கும் உமக்கும் உள்ள தொடர்பு யாது?' வேறு எந்தக் கட்டத்தையும் தொடாதே. காலியாக இருக்கும் இடமெல்லாம் நமக்கானது என்று எண்ணுவதற்குத் தெருவில் ஒருவர் போதும்.

ஒன்று எழுத விட்டுவிட்டேன். வெளியூரில் இருப்பவர்கள் அந்தந்த ஊரிலேயே இரத்தம் கொடுக்கலாம் என்று கம்பெனி முன்வந்தது. நான்தான் மறுத்தேன். அனைவரும் நம் தெருப் பள்ளிக்கூடத்துக்கு நேரில் வந்துதான் கொடுக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறேன். காரணம் கேட்டார்கள். நடைமுறை ஒழுங்கு என்றேன்.

இப்படிக்கு,
பொறுமையின் கடைசிப் படியில் நிற்கும்
அக்கா

~

தேதி 15, திங்கட்கிழமை

தம்பிக்கு,

'அன்புள்ள' என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பதில் வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம்.

நேற்றுக் காலை பம்பு மெக்கானிக் கையில் ஸ்பேனரோடு வாசலில் வந்து நின்றார். குழாய் சரிசெய்ய வந்திருக்கிறார் என்று எண்ணிப் பின்கட்டுக்கு வழிகாட்டினேன். அவர் அசையாமல் நின்று, நீ தொலைபேசியில் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். "அக்காகிட்ட என் பேர அடிச்சிடச் சொல்லுங்கண்ணே. அந்த டிரம்மெல்லாம் ஏத்திக்கிட்டு வந்து குழியில இறக்கினவனே நான்தான். போதாததுக்கு அந்த நீல டிரம்ம வீடு வீடா கொண்டுபோய் வெச்சதும் நான்தான். கேஸ் போட்டவங்க பட்டியல்ல என் பேரு எதுக்கு?" இவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு, "நான் ஒண்ணும் சேக்கலக்கா, அவன் சொன்னதுதான்" என்றார். பிறகு ஸ்பேனரோடு திரும்பிப் போனார்.

இவ்வளவு நீளமாக உனக்குப் பேச வரும் என்பதே எனக்குப் புதிய செய்தி. என் தொலைபேசி எண் மாறவில்லை. நீ புறப்பட்டுப் போன நாளில் இருந்த அதே எண்தான். அதே மேசையில்தான் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரரிடம் மனு கொடுத்துவிட்டுச் சொந்த அக்காளிடம் வாய் திறக்காதவனுக்கு மரியாதை என்ற சொல்லின் பொருளை யார் கற்பிப்பது?

இன்று தபாலில் படிவமும் திரும்பிவந்தது. மூன்றாம் பக்கம் காலி, ஒன்பதாம் பக்கம் காலி, பதினான்காம் பக்கம் காலி. ஏழாவது கேள்விக்கு நேரே பேனா முனையை வைத்து எடுத்த ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது.

அதை எடுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் ஓடினேன். பெயரை நீக்குவதென்றால் மூல மனுவைத் திருத்த வேண்டும். அதற்குத் தனி மனு, தனி விசாரணை, கம்பெனியின் சம்மதம் எல்லாம் வேண்டும். எட்டு மாதங்கள் ஆகும் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். எட்டு மாதத்துக்குள் மழை வந்து போய்விடும். அங்கே யாருக்காகவோ காத்திருந்த ஆகவே, இதைக் கேட்டதும் முகம் மலர்ந்து, எவ்வளவு காலம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் வாயிலிருந்து 'ஆகவே' இல்லாமல் வந்த முதல் வாக்கியம் அது. அந்த மகிழ்ச்சியை அவருக்குக் கொடுத்தவன் நீ.

லாரி ஓட்டியது குற்றமென்றால், அந்த லாரி ஓடிய சாலையைப் போட்டவனையும், அதற்கு எண்ணெய் ஊற்றியவனையும் கூண்டில் ஏற்ற வேண்டும். ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினாய். இறக்கச் சொன்னார்கள், இறக்கினாய். உள்ளே இருப்பது என்ன என்று நீ கேட்டபோது, 'சாயத் தண்ணி' என்றார்கள். இதை நீயே என் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாய். உன் விரல் நகங்கள் அப்போதே மஞ்சளாகியிருந்தன. சாயம்தானே என்று சோப்புப் போட்டுக் கழுவினாய்.

தெருவில் உன்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அஞ்சுகிறாய் போலும். தையல்காரம்மா இன்று தண்ணீர் வண்டிக்கு வரிசையில் நின்றபோது எல்லோரும் கேட்கச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "லாரி ஓட்டினவன் மேல யாருக்கும் கோவம் இல்ல. கையெழுத்துப் போடாம ஒக்காந்திருக்கான் பாரு, அவன் மேலதான் கோவம்." வரிசை முழுவதும் தலையாட்டியது. நானும் தலையாட்டினேன்.

புதிய படிவம் இத்துடன் இருக்கிறது. பென்சில் குறிகளை இம்முறை அழுத்தி இட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னோடு பிறந்ததைத் தவிர வேறு குற்றம் அறியாத
அக்கா

~

தேதி 24, புதன்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நீ பதில் எழுதவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லை நானே திரும்பச் சேர்த்துக்கொண்டேன்.

இம்மடலைத் தபாலில் சேர்க்கவில்லை. பம்பு மெக்கானிக் இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு நேரில் கொண்டுவருகிறார். அவருக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது. வாந்தி எடுத்த முகத்தோடுதான் வந்து நிற்பார். முதலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடு. நீ ஒப்பமிடும் வரை உன் வாசலை விட்டு நகரக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். "அவன் போடலன்னா?" என்று கேட்டார். "போடும் வரை அங்கேயே பம்பு ரிப்பேர் செய்து பிழைத்துக்கொள்ளுங்கள்" என்று விடைகொடுத்தேன்.

சென்ற மடலில் உன்னோடு பிறந்ததைத் தவிர வேறு குற்றம் அறியாதவள் என்று எழுதியிருந்தேன். அது உண்மைக்குப் புறம்பானது. அதைத் திரும்பப் பெறுகிறேன்.

நீ இங்கிருந்து போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. உன் அத்தானை எடுத்துச் சென்ற அன்றே, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், பையில் மாற்றுச் சட்டைகூட இல்லாமல் போனாய். நீ போன பிறகு, மூன்று ஆண்டுகளுக்கு முன், விசாரணையில் நடந்த ஒன்றை உனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று தெருவை நான்தான் கேட்டுக்கொண்டேன்.

என்னைக் கூண்டில் ஏற்றிய ஆகவே, ஒரு கண்ணாடி உறையிலிருந்து ஒரு தாளை உருவி எடுத்தார். இடது ஓரம் இரண்டு விரல் இடம் விட்டு, கோணல் இல்லாத வரிகளில் எழுதிய தாள் அது. தூரத்தில் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் உரக்கப் படித்தார்: 'மாண்புமிகு மேலாளர் அவர்களுக்கு, தங்கள் வளாகத்தில் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டுக் கிடக்கும் மூடியுள்ள நீல நிறப் பீப்பாய்களை, தண்ணீர்ப் பற்றாக்குறையால் இடருறும் எங்கள் தெருவின் பதினெட்டு வீடுகளுக்கும் வழங்கி உதவுமாறு பணிவன்புடன் விண்ணப்பிக்கிறேன்.' படித்துவிட்டு, "ஆகவே, இது உங்க கையெழுத்துதானே?" என்றார்.

"எழுத்தும் என்னுடையது, வாசகமும் என்னுடையது" என்றேன். மன்றத்தில் நம் தெருவே அமர்ந்திருந்தது.

நினைவிருக்கிறதா? இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வந்த காலம். குழியருகே நல்ல டிரம்கள் சும்மா கிடக்கின்றன என்று நீ பேச்சுவாக்கில் சொன்னாய். விண்ணப்பம் எழுதலாம் என்று சொன்னவள் நான். "எதுக்குக்கா வம்பு, ரெண்டு டிரம் நானே எடுத்தாந்துடறேன்" என்றாய். திருட்டுத்தனம் கூடாது, எதையும் முறைப்படி கேட்டுப் பெற வேண்டும் என்று உனக்குப் பாடம் நடத்தினேன். மூன்று முறை படியெடுத்து எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரு விண்ணப்பத்துக்கு முதன்முதலாகப் பதில் வந்தது அப்போதுதான்: 'கேட்டபடி கொடுக்கவும்.' அந்தப் பதிலை உன் அத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம வீட்டம்மா எழுதினா கம்பெனியே அசையும்" என்பார். நாள்தோறும் விடியற்காலையில் அந்த டிரம்மை நிரப்பி, முதல் சொம்புத் தண்ணீரை அவர்தான் குடிப்பார். சட்டத்தை இப்போது கழற்றிவிட்டேன். ஆணி மட்டும் சுவரிலேயே இருக்கிறது.

வக்கீல் ஆகவே நினைத்தது வேறு. நாமே கேட்டு வாங்கியதாகக் காட்டினால் வழக்குச் சாய்ந்துவிடும் என்று நினைத்தார். அந்த மேலாளரின் அலுவலகக் கோப்பிலிருந்து நம் வக்கீலம்மா மற்றொரு தாளை எடுத்து நீட்டினார். என் விண்ணப்பத்துக்கு நான்கு ஆண்டுகள் முந்தைய சுற்றறிக்கை அது. காலி டிரம் எதுவும் வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. கழுவினாலும் நஞ்சு போகாது. ஒவ்வொன்றையும் நசுக்கிப் புதைக்க வேண்டும். கீழே அதே மேலாளரின் கையொப்பம். அதை அறிந்தவர்தான் 'கொடுக்கவும்' என்று எழுதினார். நசுக்குகிற வேலை மிச்சம் என்று நினைத்தாரோ என்னவோ! அன்றுதான் கம்பெனி சமரசம் என்ற சொல்லை முதலில் உச்சரித்தது.

இப்போது நீயே சொல். அறிந்து கொடுத்தவர் ஒருவர். அறியாமல் கேட்டவள் ஒருத்தி. நடுவில் சுமந்துவந்து, சோப்பும் வெந்நீரும் ஊற்றி இரண்டு நாள் தேய்த்துக் கழுவி, அக்காள் வீட்டுக்கு மட்டும் விளிம்பு நசுங்காததாகப் பார்த்துக் கொடுத்தவன் ஒருவன். மூவரில் ஓடி ஒளிந்திருப்பவன் கடைசி ஆள்தான். மற்ற இருவரும் தலை நிமிர்ந்து நடமாடுகிறோம். இதில் என்ன நியாயம் இருக்கிறது?

பதினான்காம் பத்தியைப் பற்றியும் உண்மையை எழுதிவிடுகிறேன். ஓசைக்காக எழுதியதல்ல. என்றாவது ஒரு நாள் கம்பெனி இறங்கிவரும், அப்போது குடியிருப்போருக்கு ஏதோ கொஞ்சம் கொடுத்துவிட்டு, பழியை லாரிக்காரர்கள் தலையில் போடும் என்று மனு எழுதிய அன்றே எனக்குத் தெரியும். நகல் கடையில் அப்படி எத்தனை ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்திருக்கிறேன்! உன்னை விட்டுவிட்டு எங்களுக்கு மட்டும் எதுவும் வேண்டாம் என்பதைத்தான் அவ்வளவு சுற்றி வளைத்து எழுதினேன்.

இனி ஏழாவது கேள்வி. என் படிவத்தில், 'இத்தெருவில் குடியிருப்பவள்; பீப்பாய்கள் கேட்டு விண்ணப்பம் எழுதியவள்' என்று விடையளித்திருக்கிறேன். வக்கீலம்மா முதல் பாதி போதும் என்றார். இரண்டும் இருக்கட்டும் என்றேன். உன் விடையையும் நானே வரைந்து அனுப்பலாம் என்று பேனாவை எடுத்தேன். மூன்று முறை எழுதி மூன்று முறையும் கிழித்துவிட்டேன். உனக்குத் தோன்றுவதை உன் சொல்லில் நீயே எழுது. பிழை இருந்தாலும் திருத்தமாட்டேன்.

பதினான்காம் பக்கத்தில் உன் கையொப்பத்துக்குக் கீழே சாட்சிக்கு ஒரு கோடு இருக்கும். ஒப்பமிடுவதைக் கண்ணால் கண்ட பிறகே சாட்சி ஒப்பமிட வேண்டும் என்பது விதி. முப்பது ஆண்டுகளாக அதைப் பிறருக்கு எடுத்துச்சொல்லி, மீறியவர்களைத் திருப்பி அனுப்பியவள் நான். உன் கோடு காலியாக இருக்கும்போதே அதன் கீழ் என் பெயரை எழுதிவிட்டேன். மை காய்ந்துவிட்டது. முறையல்ல என்று தெரியும். கேட்பவர்களுக்கு நான் விடை சொல்லிக்கொள்கிறேன்.

முதல் பரிசோதனை வரும் ஆண்டுத் தொடக்கத்தில், காலை ஒன்பது மணிக்கு, பள்ளிக்கூடத்தில். வெறும் வயிற்றோடு வர வேண்டும். முடிந்ததும் சாப்பாடு நம் வீட்டில். இருபது ஆண்டுகள், இருபது முறை. ஒன்றுகூடத் தவறாமல் வந்துபோகும் ஆயுள் உனக்குக் கிடைக்கட்டும்.

அக்கா